எதிருரையில் உண்டு, பட்டியலில் இல்லை: எதிர்த்தரப்பிடம் ஆவணம் கேட்ட ஒரு வணிக வழக்கின் நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றின் வணிக நீதிமன்றத்தில் நடந்த பணவசூல் வழக்கு இது. தரப்பினரை அடையாளம் காண முடியாதபடி தொகைகளும் சரக்கு விவரங்களும் மாற்றப்பட்டுள்ளன. எதிருரை, அதாவது வழக்குக்குப் பிரதிவாதி தரும் எழுத்துப் பதில், தாக்கலான நாளை 0 என்று வைத்து மற்ற நாள்கள் எண்ணப்பட்டுள்ளன. ஆவணங்களை வெளிப்படுத்துவது தொடர்பான கெடுக்கள் பெரும்பாலும் அந்த நாளிலிருந்தே ஓடுகின்றன.

பின்னணி

வாதி, சாயமேற்றிய பின்னல் துணி தயாரித்து விற்கும் நிறுவனம். பிரதிவாதி, ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. ஒன்பது இன்வாய்ஸ்களில் ஏறத்தாழ 14,000 கிலோ துணி, கிலோ 420 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 61.74 லட்சம். வந்தது 20.50 லட்சம். பாக்கி 41.24 லட்சம்.

வாதியின் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) சரக்கு போன பிறகே எடுக்கப்பட்டது. அதனால் சிறுதொழில் வசதிக் கவுன்சில் வழியை நம்பாமல், வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-இன் கீழ் வழக்கு. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காததால் 12ஏ பிரிவின்படி முன்வழக்குச் சமரசத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிரதிவாதி அங்கே வரவேயில்லை.

சம்மன் சார்பு செய்த (பிரதிவாதியிடம் சேர்ப்பித்த) 112-ஆம் நாள், தாமத மன்னிப்பு மனுவோடு எதிருரை வந்தது. வணிக வழக்கில் 120 நாள் தாண்டினால் எதிருரைக்கு வழியே இல்லை என்பதால், கடைசி வாரத்தில் அள்ளித் தெளித்துத் தயாரான எதிருரைகள் சகஜம். இதுவும் அந்த வகை. அதன் சாரம்: துணியில் ஷேடு வேறுபாடு, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) குறைவு, அதற்காக 9.10 லட்சம். துணி தாமதமானதால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது, அதற்கு 8.50 லட்சம். ஆக 17.60 லட்சத்துக்கு டெபிட் நோட், அதாவது வாதிக்குத் தர வேண்டியதில் கழிக்கும் சீட்டு, போட்டாயிற்று. மீதிக் கணக்கு ஒத்துப்பார்க்கப்படவில்லை, எனவே பாக்கி எதுவும் ஒப்புக்கொள்ளப்படவில்லை.

முதலில் கண்டது

4-ஆம் நாள் வாதி தரப்பு அலுவலகத்தில் செய்த வேலை எளிமையானது. எதிருரையைப் பத்தி பத்தியாகப் படித்து, அதில் பெயர் வரும் ஒவ்வொரு ஆவணத்தையும் ஒரு தாளின் இடப்பக்கம் எழுதினார்கள். எதிருரையோடு இணைத்த ஆவணப் பட்டியலில் அது எத்தனையாவது எண், அசலா நகலா என்பதை வலப்பக்கம் எழுதினார்கள். வலப்பக்கம் நான்கு இடங்கள் காலியாக நின்றன: ஆய்வகச் சோதனை அறிக்கை, பையிங் ஏஜென்சியின் (வெளிநாட்டு வாங்குபவருக்காகச் செயல்படும் முகவரின்) இறுதி ஆய்வு அறிக்கை, விமானச் சரக்குச் சீட்டு, பிரதிவாதியின் புத்தகத்தில் உள்ள வாதியின் கணக்குப் பேரேடு. பட்டியலில் இருந்தது டெபிட் நோட்டின் அலுவலக நகலும் இரண்டு மின்னஞ்சல் அச்சுப்படிகளும் மட்டுமே.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வணிக வழக்குகளுக்கான கட்டளை 11 விதி 1-இன்படி, தன் வசமோ கட்டுப்பாட்டிலோ உள்ள, வழக்கோடு தொடர்புடைய ஆவணங்கள் அனைத்தையும் எதிருரையோடு பிரதிவாதி வெளிப்படுத்த வேண்டும். தனக்கு எதிரான ஆவணங்களும் இதில் அடங்கும். அனைத்தையும் வெளிப்படுத்திவிட்டதாகச் சத்தியம் செய்து உறுதியும் கூற வேண்டும். இங்கே எதிருரையின் கடைசிப் பக்கத்தில் அந்த உறுதிமொழி வார்த்தை பிசகாமல் இருந்தது. பத்தி 9 ஓர் அறிக்கையைக் காட்டுகிறது, கடைசிப் பக்கம் வேறு ஆவணமே இல்லை என்கிறது. பிறகு நடந்த எல்லாமே இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவை.

கெடுக் கணக்கையும் அன்றே போட்டார்கள். எதிருரை தாக்கலான 30 நாளுக்குள் இரு தரப்பும் ஆவணப் பார்வையிடலை முடிக்க வேண்டும். நீதிமன்றம் நீட்டித்தாலும் மேலும் 30 நாளுக்கு மேல் கிடையாது. பார்வையிடல் முடிந்த 15 நாளில், எதிர்த்தரப்பின் எந்த ஆவணத்தை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம் என்று சொல்லும் ஒப்புதல்–மறுப்பு அறிக்கை, பிரமாணப் பத்திரத்தோடு. அந்தப் பிரமாணப் பத்திரங்கள் இரு தரப்பிலும் வந்த நான்கு வாரத்துக்குள் முதல் வழக்கு மேலாண்மை விசாரணை. ஆவணம் வராமல் தொங்கினால் பின்னால் உள்ள அத்தனையும் தொங்கும். பணம் கொடுக்க வேண்டிய தரப்புக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

முதல் கடிதமும் ஒரு தொலைபேசிப் பேச்சும்

6-ஆம் நாள் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு மின்னஞ்சலில் கடிதம் போனது. ஏழு நாள் அவகாசம். கடிதத்தில் கோபமோ சட்ட விரிவுரையோ இல்லை. பட்டியலில் உள்ளவற்றின் அசலைப் பார்வையிட நேரம் கேட்டு ஒரு பத்தி; பட்டியலில் இல்லாத நான்குக்கும் தனித்தனியாக ஒவ்வொரு பத்தி. ஆய்வக அறிக்கை பற்றிய பத்தி இப்படி இருந்தது:

“எதிருரை பத்தி 9-இல் குறிப்பிடப்பட்டுள்ள ஆய்வக அறிக்கை: எல்லாப் பக்கங்களும், மாதிரி ஒப்படைத்த சீட்டு, மாதிரி எந்த இன்வாய்ஸின் எந்த லாட்டிலிருந்து வெட்டப்பட்டது என்பதைக் காட்டும் குறிப்பு, அறிக்கை தங்கள் கட்சிக்காரருக்கு வந்த மின்னஞ்சல், இணைப்புடன். இவற்றில் எதுவும் தங்கள் கட்சிக்காரர் வசம் இல்லையெனில், எது இல்லை, இப்போது யாரிடம் உள்ளது என்பதைத் தெரிவிக்கவும்.”

கடைசி வாக்கியம் வழக்கமான கடிதங்களில் இருப்பதில்லை, இருந்தாக வேண்டும். “எங்களிடம் இல்லை” என்று பின்னாளில் வரும் பதில் முதல் கடிதத்துக்கே வந்திருக்க வேண்டிய பதில் என்று காட்ட அது உதவுகிறது. “சரக்கின் தரம் தொடர்பான அனைத்து ஆவணங்களும்” என்று கேட்டிருந்தால், எதையும் தராமலிருக்க எதிர்த்தரப்புக்கு அந்த வரியே காரணமாகியிருக்கும்.

இன்னொன்றையும் கவனித்து எழுதினார்கள். இப்படிப்பட்ட கடிதத்தைப் படிப்பவர் வழக்கறிஞர் என்றாலும், அது போய்ச் சேர வேண்டிய இடம் அவருடைய கட்சிக்காரரின் கணக்குப் பிரிவு. எதிர் வக்கீல் அப்படியே பார்வர்ட் செய்தால் கணக்காளருக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று புரிய வேண்டும். ஆவணத் தாமதம் பெரும்பாலும் வக்கீலின் சூழ்ச்சியால் வருவதில்லை. கட்சிக்காரர் சொன்னதை நம்பி, காகிதத்தைப் பார்க்காமலே எதிருரை எழுதியிருப்பார், கேட்கும்போதுதான் தேடத் தொடங்குவார். இந்த வழக்கிலும் அப்படித்தான் என்பது பிறகு தெரிந்தது.

9-ஆம் நாள் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தொலைபேசியில் பேசினார். “கிளையன்ட்கிட்ட கேட்டிருக்கேன் சார், அடுத்த வாய்தாவுக்குள்ள தந்துடறேன்” என்றார். அடுத்த வாய்தா 38-ஆம் நாள். 30 நாள் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும். அதைத் தன்மையாகச் சொல்லிவிட்டு, பேசியதை அன்று மாலையே மூன்று வரி மின்னஞ்சலில் உறுதிசெய்தார்கள்: என்ன கேட்டோம், என்ன சொன்னீர்கள், 30 நாள் கெடு எந்தத் தேதியில் முடிகிறது. வாய்ப்பேச்சை நீதிமன்றத்தில் காட்ட வழியில்லை. மறுக்கப்படாத மின்னஞ்சலைக் காட்டலாம்.

படிவம் 7

13-ஆம் நாளுக்குள் எதுவும் வரவில்லை. 15-ஆம் நாள் கட்டளை 11 விதி 5-இன் கீழ், பிற்சேர்க்கை ‘சி’யில் உள்ள 7-ஆம் படிவத்தில், ஆவணங்களை முன்னிலைப்படுத்தக் (கொண்டுவந்து காட்டக்) கோரும் அறிவிப்பு கொடுக்கப்பட்டது. இந்த அறிவிப்பில் ஏழு நாளுக்குக் குறையாமலும் பதினைந்து நாளுக்கு மிகாமலும் அவகாசம் தர வேண்டும். பத்து நாள் கொடுத்தார்கள். ஐந்து நாள் கொடுத்துப் பிறகு அறிவிப்பே செல்லாது என்ற வாதத்தில் மாட்டிக்கொள்வது, தவிர்க்கக்கூடிய தவறுகளில் முதலாவது.

மின்னஞ்சல், விரைவுத் தபால் ஆகியவற்றோடு நேரிலும் கொடுத்து, அலுவலக நகலில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்தின் கையெழுத்தும் தேதியும் வாங்கப்பட்டன. கட்டளை 3 விதி 5-இன்படி வழக்கறிஞருக்குச் சார்பு செய்தால் தரப்பினருக்குச் செய்ததாகவே பொருள். அறிவிப்பின் நகல் ஒரு மெமோவுடன் நீதிமன்றத்திலும் தாக்கலானது.

இந்தக் கட்டத்தில் வாதி வேறொரு யோசனை சொன்னார். பிரதிவாதி கம்பெனியின் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிக்கும் ஊழியர்) அவருக்குப் பழக்கம். ஆய்வு அறிக்கையை வாட்ஸ்அப்பில் வாங்கிவிடலாம் என்றார். வழக்கறிஞர் வேண்டாம் என்றார். வேறு வழக்கறிஞரை வைத்துள்ள தரப்பிடம் வழக்கு விஷயமாக நேரடியாகப் பேசக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. கட்சிக்காரரை விட்டுப் பேச வைத்தாலும் அந்தப் பழி வக்கீல் மேல்தான் வரும். அதைவிட நடைமுறைச் சிக்கல் பெரிது. எங்கிருந்து வந்தது என்று சத்தியம் செய்து சொல்ல முடியாத ஒரு மின்னணு நகலைத் தாக்கல் செய்தால், கட்டளை 11 விதி 6 கேட்கும் விவரங்களை, அதாவது யார் உருவாக்கியது, எந்தக் கணினியிலிருந்து, எப்போது அச்செடுத்தது என்பதை, வாதியால் நிரப்ப முடியாது. கூடவே ஒரு மெர்ச்சண்டைசரின் வேலையும் போகும்.

24-ஆம் நாள் வந்த அரைப் பதில்

கெடுவுக்கு ஒரு நாள் முன்பு பதில் வந்தது. ஆய்வக அறிக்கையின் முதல் பக்கம் மட்டும். மூன்று பக்கத்தில் ஒன்று என்று அடியில் அச்சாகியிருந்தது. ஆய்வு அறிக்கை பையிங் ஏஜென்சியிடம் உள்ளது, வெளிநாட்டு வாங்குபவருடன் செய்த ரகசிய ஒப்பந்தத்தின்படி தர இயலாது. விமானச் சீட்டு தேடப்படுகிறது. பேரேடு பற்றி ஒரு சொல் இல்லை.

பதிலே வராததைவிட அரைப் பதில் சிக்கலானது. “தந்துகொண்டிருக்கிறோம்” என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு இடம் கிடைக்கிறது, கேட்ட தரப்பும் இன்னும் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம் என்று தளர்கிறது. இங்கே மூன்றாவது கடிதம் எழுதவில்லை. 30-ஆம் நாளுக்கு ஆறு நாளே இருந்தது.

முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். முதலாவது, அப்படியே விட்டுவிட்டு, விதி 5(4)-இன் கீழ் எதிர்மறை அனுமானம் (தராத ஆவணம் தராதவருக்கே பாதகமானது என்ற முடிவு) கொள்ளுமாறு இறுதி வாதத்தில் கேட்பது. செலவில்லாத வழி, பலரும் இதையே விரும்புகிறார்கள். ஆனால் அனுமானம் கொள்ளலாம் என்றுதான் விதி சொல்கிறது, கொண்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. மேலும், பேரேட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிரதிவாதித் தரப்பு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது இருட்டில் தடவுவது. இரண்டாவது, விதி 3(2)-இன் கீழ் உத்தரவு கேட்பது. அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். உத்தரவானால் ஐந்து நாளில் பார்வையிடவும் நகல் பெறவும் விட வேண்டும். வேண்டுமென்றோ அலட்சியமாகவோ மறைத்தவருக்கு விதி 3(6)-இன்படி கடும் செலவுத் தொகை விதிக்கலாம். பேரேட்டுக்காகவே இரண்டாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

மனு திரும்பியது

27-ஆம் நாள் இரண்டு மனுக்கள் போயின. பார்வையிடல் காலத்தை நீட்டிக்க ஒன்று, ஆவணங்களை முன்னிலைப்படுத்த ஒன்று. முதலாவது சிக்கலின்றி எண்ணிடப்பட்டு 60-ஆம் நாள் வரை நீட்டிப்பு கிடைத்தது.

இரண்டாவது 31-ஆம் நாள் ரிட்டர்ன் ஆனது, அதாவது எண்ணிடாமல் திருத்தத்துக்காகத் திரும்பி வந்தது. அலுவலகக் கணினியில் இருந்த பழைய மாதிரியை எடுத்து நிரப்பியதில், “கட்டளை 11 விதிகள் 14 மற்றும் 21-இன் கீழ்” என்றும், இணங்காவிட்டால் எதிர்வாதத்தை நீக்க வேண்டும் என்றும் இருந்தது. சாதாரண உரிமையியல் வழக்குக்கு அது சரி. வணிக வழக்குக்கோ கட்டளை 11 முழுவதுமே 2015 சட்டத்தால் மாற்றி வைக்கப்பட்டது. புதிய கட்டளையில் விதிகள் ஏழுதான். எதிர்வாதத்தை நீக்கும் பழைய 21-ஆம் விதியே அங்கு இல்லை. மாவட்டங்களில் இரண்டு வகை வழக்கும் ஒரே மேசையில் தயாராவதால் இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது. சில இடங்களில் யாரும் கவனிக்காமல் எண்ணிட்டு, விசாரணையில் எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டிய பிறகே தெரியவருகிறது. இங்கே ரிட்டர்னோடு போனது நல்லதே.

34-ஆம் நாள் திருத்திய மனு விதிகள் 3(2), 5-இன் கீழ் மறுதாக்கலானது. கோரிக்கையும் மாறியது: எதிர்வாத நீக்கம் போய், விதி 3(5)-இன்படி வெளிப்படுத்தாத ஆவணத்தைப் பிரதிவாதி பின்னால் சார்ந்திருக்கக் கூடாது என்ற உத்தரவு, செலவுத் தொகை. பேரேட்டுக் கோரிக்கையில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளில், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாகும் வசதி இருக்க வேண்டும், அதை அணைத்து வைக்கவும் கூடாது. டெபிட் நோட் 2023–24 ஆண்டைச் சேர்ந்தது. எனவே அந்தப் பதிவின் திருத்தத் தடமும் கேட்கப்பட்டது.

உத்தரவு

எதிர்மனுவில் மூன்று ஆட்சேபங்கள். ஏதாவது சிக்குமா என்று வலை வீசும் முயற்சி; ஆவணம் மூன்றாம் நபரிடம் உள்ளது; வணிக ரகசியம். முதலாவதற்குப் பதிலாக 4-ஆம் நாள் இடப்பக்கம், வலப்பக்கம் என்று எழுதிய அந்தத் தாளே காட்டப்பட்டது: கேட்டவை எல்லாம் பிரதிவாதியே எதிருரையில் எடுத்துவைத்தவை. இரண்டாவதற்கு, ஆய்வு அறிக்கை மின்னஞ்சல் இணைப்பாகப் பிரதிவாதியின் அஞ்சல் பெட்டிக்கு வந்தது என்பதை, பட்டியலில் இருந்த அவர்களுடைய மின்னஞ்சல் அச்சுப்படி ஒன்றே காட்டியது. “ரிப்போர்ட் இணைக்கப்பட்டுள்ளது” என்ற வரி அதில் இருந்தது.

ரகசியம் பற்றிய ஆட்சேபத்தில் எதிர்த்தரப்புக்கு நியாயம் இருந்தது. வாங்குபவர் கொடுக்கும் விலை வாதிக்குத் தேவையில்லை. அதை மறைத்துத் தரலாம் என்று வாதி தரப்பே முதலில் சொன்னதால் வாதம் அங்கே சுருங்கியது. 53-ஆம் நாள் உத்தரவு: நான்கையும் ஐந்து நாளில் தர வேண்டும், ஆய்வு அறிக்கையில் விலை, வாங்குபவர் பெயர் மறைக்கலாம், செலவுத் தொகை 10,000 ரூபாய். ரிட்டர்னில் போன ஏழு நாள் இங்கேதான் உறைத்தது. 60-ஆம் நாளுக்கு மேல் நீட்டிக்க வழியில்லாத நிலையில், ஆவணம் வந்தது 58-ஆம் நாள்.

ஆவணங்கள் சொன்னவை

ஆய்வக அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் மாதிரிகளின் லாட் எண்கள் இருந்தன. ஒன்பது இன்வாய்ஸ்களில் இரண்டு மட்டுமே சோதிக்கப்பட்டிருந்தன. 180 ஜிஎஸ்எம் கேட்ட துணி 174 இருந்தது, 3.3 சதவீதக் குறைவு, கொள்முதல் ஆணையில் ஒப்புக்கொண்ட கூட்டக்குறைய 5 சதவீத வரம்புக்குள். ஆனால் மூன்றாம் பக்கம் வாதிக்குப் பாதகம்: அந்த இரண்டு லாட்டிலும் ஈரத் தேய்ப்பில் சாய உறுதி (ஈரமாகத் தேய்த்தாலும் சாயம் போகாத தன்மை), கேட்ட அளவுக்குக் கீழே. ஆவணம் கேட்பவர் இதற்கும் தயாராகவே கேட்க வேண்டும். வந்த பிறகு ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்த முடியாது.

விமானச் சீட்டின் எடையும் ஸ்டைல் எண்ணும் வேறொரு ஆர்டருடையவை. ஆய்வு அறிக்கையில் தாமதத்துக்குக் காரணமாக எழுதப்பட்டிருந்தது துணி அல்ல, பிரிண்டிங்.

பேரேடுதான் வழக்கைத் திருப்பியது. டெபிட் நோட்டின் தேதி, வாதியின் வக்கீல் நோட்டீஸுக்கு இரண்டு மாதம் முந்தையது. திருத்தத் தடத்தின்படி அந்தப் பதிவு கணினியில் ஏறியது நோட்டீஸ் கிடைத்து மூன்று வாரம் கழித்து. அதுவரை பேரேட்டில் வாதிக்குத் தர வேண்டியதாக 41.24 லட்சம் அப்படியே நின்றது. ஒப்புதலின் பேரில் தீர்ப்பு கேட்கும் கட்டளை 12 விதி 6 மனுவுக்கு இதைவிட நல்ல அடிப்படை கிடைக்காது. மனுவின் வரைவு தயாரானது, தாக்கல் செய்யவில்லை.

ஒப்புதல்–மறுப்பு அறிக்கைக்கான 15 நாள் முடிவதற்குள் எதிர்த்தரப்பு வழக்கறிஞரே சமரசம் பேசலாமா என்று கேட்டார். சாய உறுதி குறைந்த இரண்டு லாட்டுக்காக வாதி விட்டுக்கொடுத்தார், வட்டியும் விடப்பட்டது. 37.50 லட்சம், மூன்று தவணை, ஒரு தவணை தவறினாலும் மொத்தப் பாக்கிக்கும் வட்டியோடு நிறைவேற்றல் மனு என்ற நிபந்தனையுடன் கட்டளை 23 விதி 3-இன் கீழ் சமரசத் தீர்ப்பு. வழக்கு மதிப்பில் 3 சதவீதமாகக் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறத் தனி மெமோ போட்டார்கள். தரப்பினர் தாமாகவே பேசி முடித்தாலும் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதிசெய்திருக்கிறது.

அடுத்த வழக்கில் மாற வேண்டியவை

முதல் கடிதம் 6-ஆம் நாள் போனது சீக்கிரம்தான். ஆனால் அது சாதாரணக் கடிதமாகப் போனதால், படிவம் 7-இன் கெடு 15-ஆம் நாளிலிருந்தே ஓடத் தொடங்கியது. கடிதத்தோடு அன்றே படிவம் 7-ஐயும் இணைத்துப் பதினைந்து நாள் கொடுத்திருந்தால், 21-ஆம் நாள் கெடு முடிந்திருக்கும்; தொனியும் கெட்டிருக்காது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முன்பின் பழகாதவர் என்றால் மட்டும் இரண்டு நாள் முன்னதாக ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

மனு மாதிரிகளை வணிக வழக்குக்குத் தனிக் கோப்பில் வைக்க வேண்டும். அந்த அலுவலகம் இப்போது வணிக மாதிரிகளின் தலைப்பிலேயே விதி எண்களைத் தட்டச்சு செய்து பூட்டி வைத்திருக்கிறது.

கட்டளை 11 விதி 2-இன் கீழ் வினாப்பட்டியல், அதாவது எதிர்த்தரப்பு பதில் தர வேண்டிய எழுத்துக் கேள்விகள், கொடுக்கலாமா என்ற யோசனை இடையில் வந்து கைவிடப்பட்டது. நீதிமன்ற அனுமதி வேண்டும், அனுமதித்த பிறகு பத்து நாளில் பிரமாணப் பத்திரமாகப் பதில் வரும். வரும் பதிலை எதிர் வக்கீல் செதுக்கித் தருவார். பேரேட்டை அப்படிச் செதுக்க முடியாது. ஆனால் டெபிட் நோட்டைப் பதிவேற்றியவர் யார் என்ற ஒரே கேள்விக்கு வினாப்பட்டியல் பயன்பட்டிருக்கும். வழக்கு சமரசமாகாமல் சாட்சி விசாரணைக்குப் போயிருந்தால் அந்தக் கேள்வி இல்லாதது குறையாகவே இருந்திருக்கும்.

மின்னஞ்சல்களை அச்சுப்படியாக மட்டும் கேட்டதும் மாற வேண்டும். அச்சுப்படியில் அனுப்பிய நேரமும் இணைப்பின் பெயரும் சில சமயம் விடுபடுகின்றன. படிவம் 7-இலேயே மின்னஞ்சலின் மூலக் கோப்பை, தலைப்புத் தகவல்களோடு, பென் டிரைவில் தருமாறு கேட்க வேண்டும். விதி 6-இன் உறுதிமொழியையும் அதே பத்தியில் கேட்டுவிட்டால் தனியாக இன்னொரு சுற்று அலைய வேண்டியிருக்காது.